நாஸ்கார் ஆல்-ஸ்டார் பந்தயத்தில் யாருக்கு இடம்? நோட்டில் நாமே கணக்கிடும் முறை

கோவைப் பக்கத்தவர்களுக்குக் கார்ப் பந்தயம் என்றதும் செட்டிபாளையம்தான் நினைவுக்கு வரும். கரிவரதன் பெயரைத் தாங்கிய அந்த 2.1 கிலோமீட்டர் தடத்தின் வேலியோரம் வெயிலில் நின்று பார்த்துப் பழகியவர்கள், அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது ஓர் இடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள். நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரில் புள்ளிகளுக்காக நடக்கும் 36 பந்தயங்களிலும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான் ஓட்டுகிறது. ஆனால் புள்ளி இல்லாமல் பரிசுக்காக மட்டும் நடக்கும், பெரும்பாலும் மே மாதத்தில் வரும் ஆல்-ஸ்டார் பந்தயத்தில் மட்டும் அந்தக் கூட்டத்தில் பலரைக் காணோம். ஏன் இன்னார் இருக்கிறார், ஏன் இன்னார் இல்லை என்பதை வர்ணனையாளர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் அரை மணி நேரமும் இருந்தால், பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பே பட்டியலின் பெரும்பகுதியை நாமே எழுதிவிடலாம். நான் அப்படித்தான் எழுதிவருகிறேன்.

எழுதத் தொடங்குமுன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆங்கில வர்ணனையில் ‘குவாலிஃபை’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். பந்தயத்துக்குள் வர உரிமை பெறுவதும் குவாலிஃபைதான். வந்தவர்களில் யார் முன்வரிசையில் நிற்பது என்று நேரம் பார்த்து முடிவு செய்வதும் குவாலிஃபைதான். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலாவதை நுழைவு என்றும் இரண்டாவதைத் தொடக்க இடம் என்றும் வைத்துக்கொண்டு, நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுபவருக்குக் கணக்கு ஒருபோதும் நேராகாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பந்தயத்தின் விதிகள் ஏறத்தாழ ஆண்டுதோறும் மாறுகின்றன, இடமும் மாறுகிறது. 1985இல் சார்லட் தடத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு அட்லாண்டாவுக்குப் போய், மறுபடி சார்லட்டுக்கே திரும்பி நெடுங்காலம் அங்கேயே நடந்தது. 2020இல் பிரிஸ்டல், அடுத்த இரண்டு ஆண்டுகள் டெக்சாஸ், 2023 முதல் 2025 வரை வடக்கு கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ, பிறகு 2026க்கு டோவர் என அறிவிப்பு வந்தது. ஆகவே அந்தந்த ஆண்டின் விதி அறிவிப்பைப் படித்துவிட்டே பேனாவைத் திறக்க வேண்டும். கீழே எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்வது 2025ஆம் ஆண்டின் முறை.

நுழைவுப் பக்கம்

அந்த முறையில் உள்ளே வர நான்கு வாசல்கள் இருந்தன. முதல் மூன்றும் உரிமை வாசல்கள். கல்யாண வீட்டில் பத்திரிகை வைக்காவிட்டாலும் வந்து நிற்க வேண்டிய தாய்மாமனைப் போல, அவற்றில் வருபவர்களை யாரும் தடுக்க முடியாது. நான்காவது வாசல் பந்தய நாளன்று மட்டுமே திறக்கும்.

முதல் வாசல் வெற்றி. போன பருவத்திலோ நடப்புப் பருவத்தில் அந்த நாள் வரையிலோ புள்ளிப் பந்தயம் ஒன்றையாவது வென்றவர் நேராக உள்ளே வருகிறார். ஆகவே இரண்டு ஆண்டுகளின் வெற்றியாளர் பட்டியலை எடுத்து, பந்தயம் பந்தயமாக எழுதாமல் ஓட்டுநர் ஓட்டுநராக எழுதுங்கள். ஒருவர் ஆறு முறை வென்றிருந்தாலும் நோட்டில் அவருக்கு ஒரு வரிதான். இந்த ஒரு வேலையிலேயே பட்டியலின் பெரும்பகுதி நிறைந்துவிடும். 

இரண்டாவது வாசல், முன்பு ஆல்-ஸ்டார் பந்தயத்தையே வென்றிருப்பது. மூன்றாவது, முன்பு கப் தொடரின் சாம்பியனாக இருந்திருப்பது. இவ்விரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அவர் நடப்புப் பருவத்தை முழுமையாக ஓட்டுபவராக இருக்க வேண்டும். இந்தச் சிறிய நிபந்தனையின் எடை தெரிய வேண்டுமானால் ஜிம்மி ஜான்சனை நினைத்துப் பாருங்கள். ஏழு முறை தொடரின் சாம்பியன். ஆல்-ஸ்டார் பந்தயத்தை நான்கு முறை வென்றவர், அதற்குமேல் வென்றவர் எவருமில்லை. ஆனாலும் அண்மை ஆண்டுகளில் அவர் ஒரு பருவத்தில் சில பந்தயங்களில் மட்டுமே ஓட்டுவதால், இந்த இரண்டு வாசல்களும் அவருக்குத் திறப்பதில்லை.

நான் தவறு செய்ததும் இந்த இடத்தில்தான். 2025இல் வெற்றியாளர் பட்டியலை மட்டும் பார்த்து எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று நோட்டை மூடிவிட்டேன். கைல் புஷ் என் பட்டியலில் இல்லை. திரையிலோ அவருடைய கார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடைசியாகப் புள்ளிப் பந்தயம் ஒன்றை வென்றது 2023 ஜூனில், அதாவது முதல் வாசலின் கெடு தாண்டியாயிற்று. ஆனால் 2015, 2019 ஆகிய ஆண்டுகளின் சாம்பியன் அவர். 2017இன் ஆல்-ஸ்டார் வெற்றியும் அவருடையது. ஒரு வாசல் மூடிக்கிடக்க, மற்ற இரண்டிலும் வரத் தகுதி உள்ள மனிதரை நான் வெளியே நிறுத்தியிருந்தேன். அன்றிலிருந்து, வெற்றியாளர் வரிசைக்கு அடுத்த பத்தியில் முழுப் பருவம் ஓட்டும் பழைய சாம்பியன்களையும் பழைய ஆல்-ஸ்டார் வெற்றியாளர்களையும் எழுதி, பெயர் இரண்டு பத்தியிலும் வந்தால் ஒன்றை அடித்துவிடுகிறேன். அந்த இரண்டாம் பத்தியில் அடிபடாமல் மிஞ்சும் ஓரிரு பெயர்கள்தான் நாம் தவறவிடக்கூடியவை.

உரிமை ஓட்டுநருக்குத்தானே தவிர காருக்கு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 2023இல் அலெக்ஸ் போமன் காயமடைந்திருந்தபோது அவருடைய 48ஆம் எண் காரை ஜாஷ் பெர்ரி ஓட்டினார். கார் பெரிய அணியுடையது, எண்ணும் புகழ்பெற்ற எண். ஆனாலும் பெர்ரி சொந்த வெற்றி எதுவும் இல்லாதவர் என்பதால் நான்காவது வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. அங்கே முதலாவதாக வந்து உள்ளே நுழைந்தார். அதே பெர்ரி 2025 மார்ச்சில் லாஸ் வேகஸில் வென்றதால், அந்த ஆண்டு முதல் வாசல் வழியாகவே வந்தார். நோட்டில் கார் எண்ணை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான்காவது வாசலுக்கு ‘ஓபன்’ என்று பெயர். முதல் மூன்றிலும் இடம் கிடைக்காத எல்லாரும் பெரிய பந்தயத்துக்கு முன்பாக அதே தடத்தில் தனியாக ஒரு பந்தயம் ஓட்டுகிறார்கள். 2025இல் அது 100 சுற்று. முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் உள்ளே வருவார்கள். அந்த முறை கார்சன் ஹோசவாரும் ஜான் ஹன்டர் நெமச்செக்கும் வந்தார்கள். மூன்றாவதாக இன்னும் ஒருவர் வருவார். அவர் ஓடி வருவதில்லை, ரசிகர்களின் வாக்கால் வருகிறார்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்கு இதை விளக்கியபோது, கையிலிருந்த காலிப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏனுங்க மாப்பிள்ளை, ஓட்டுப் போட்டா காரோட்ட விட்டுருவாங்களா? இதென்ன பஞ்சாயத்து எலெக்சனுங்களா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாக்கின் ருசியை நம் ஊரும் ஒருமுறை அறிந்திருக்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். அந்த ஆண்டு அத்தொடரின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர் யார் என்று ரசிகர்களிடம் கேட்டபோது, விருது அவருக்குத்தான் வந்தது. ஒரு பந்தயமும் வெல்லாத புதியவர் அமெரிக்க ஓட்டுநர்களை முந்தியதற்கு, கணினி முன்னால் உட்கார்ந்து வாக்களித்த நம் ஆட்களும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். மாமாவிடம் இதைச் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

ரசிகர் வாக்கில் யார் வருவார் என்று ஊகிப்பது எளிதல்ல. இருந்தாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் வழக்கம் உண்டு. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் நோவா கிராக்சன்தான் வந்தார். ஓபனில் ஓடி முதல் இரண்டு இடங்களுக்குள் வராதவர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கே இந்த இடம் என்பதால், வாக்கில் முன்னிற்பவர் ஓபனில் வென்றுவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். ஓபனில் மோதிக் காரை உருக்குலைத்துக்கொண்டவருக்கு வாக்கு எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே நோட்டில் இந்த வரியைப் பென்சிலால் எழுதுங்கள்.

இந்த வாசலில் வருபவர்களை ஒப்புக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1996இல் மைக்கேல் வால்ட்ரிப் இப்படி வந்துதான் வென்றார். அதுவரை ஒரு புள்ளிப் பந்தயத்தையும் வென்றிராதவர், அதன் பிறகும் 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தவர். 2008இல் கேசி கேன் ரசிகர் வாக்கால் உள்ளே வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். 2019இல் கைல் லார்சனும் ஓபன் வழியாக வந்தவரே. வாக்கு என்ற ஏற்பாட்டைக் கேலி செய்பவர்களுக்கு 2008ஐ மட்டும் நினைவுபடுத்தினால் போதும்.

தொடக்க இடப் பக்கம்

இப்போது இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். வழக்கமான பந்தயங்களில் ஓட்டுநரின் வேகத்தை மட்டுமே அளந்து வரிசை போடுவார்கள். இங்கே காரை நிறுத்தி நான்கு சக்கரத்தையும் மாற்றும் நேரமும் கணக்கில் சேர்கிறது. ஓட்டுநர் எவ்வளவு விரைவாக வந்தாலும், தடத்தோரம் சக்கரம் மாற்றும் பிட் ஆட்கள் ஒரு நட்டில் தடுமாறினால் வரிசையில் பின்னுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பிட் வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சுவரைத் தாண்டிக் குதிப்பவர்கள் ஐந்து பேர்: ஜாக் போடுபவர் ஒருவர், டயர் மாற்றுபவர் இருவர், டயர் சுமப்பவர் ஒருவர், பெட்ரோல் ஊற்றுபவர் ஒருவர். 2022இல் வந்த புதிய காரில் சக்கரத்துக்கு ஐந்து நட்டுக்குப் பதிலாக நடுவே ஒரே நட்டு. ஜாக்காரர் வலப்பக்கம் ஓடி ஒரு மூச்சில் காரைத் தூக்குகிறார். நட்டைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி ஒருமுறை உறுமியதும் பழைய சக்கரம் கழல்கிறது, புதியது ஏறுகிறது, மறுபடி ஓர் உறுமல். கார் தரையில் விழுந்த சத்தம் அடங்குமுன் இடப்பக்கத்துக்கு ஓட்டம். எல்லாம் பத்து வினாடிக்கு முன்பின்னாக முடிந்துவிடுகிறது. சங்ககிரி லாரிப் பட்டறைகளில் சக்கரம் மாற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பந்தயத்தைவிட இந்தப் பத்து வினாடிதான் பிடிக்கும். மாமாவும் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு காரைப் பார்க்காமல் ஜாக்காரரின் காலையே பார்க்கிறார்.

இப்படிக் கிடைத்த வரிசைப்படி, நேரடியாக நுழைந்தவர்களை இரண்டாகப் பிரித்து 75 சுற்று கொண்ட இரண்டு முன்னோட்டப் பந்தயங்கள் நடத்தினார்கள். ஒன்றின் முடிவு பெரிய பந்தயத்தின் உள்வரிசையையும் மற்றதன் முடிவு வெளிவரிசையையும் தீர்மானித்தது. ஓபனில் வந்தவர்களும் வாக்கில் வந்தவரும் கடைசியில் நிற்பார்கள்.

பார்க்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று படித்துவிட்டு ஞாயிறு விடியலில் எழுந்து உட்காரக் கூடாது. அவர்களுடைய கிழக்கு மாநிலங்களின் மே மாத நேரத்துக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர இடைவெளி. அங்கே ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் இங்கே திங்கள் காலை ஐந்தரை. ஓபனைப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் முன்பே எழ வேண்டும். பென்சிலால் எழுதிய பெயர்கள் அங்கேதான் உறுதியாகும் என்பதால், தூக்கம் போனாலும் ஓபனைத் தவறவிடாதீர்கள் என்பேன்.

பெரிய பந்தயத்தில் புள்ளி கிடையாது. முதல் பரிசு பத்து லட்சம் டாலர், அதாவது 2025இன் மதிப்பில் நம் பணத்தில் எட்டரைக் கோடிக்குப் பக்கம். தொடர் வரிசையில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால், மற்ற நாள்களில் ஒதுங்கிப் போகிறவரும் அன்றைக்கு மோதிப் பார்க்கிறார். 1985இல் முந்திய பருவத்தில் வென்ற 12 பேருடன் நடந்த முதல் பந்தயத்தில், டாரல் வால்ட்ரிப் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அவருடைய இன்ஜின் வெடித்துப் புகை கக்கியது. அன்று தொட்டே இதன் குணம் அதுதான்.

முடிந்ததும் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம். அன்று வென்றவரை, 2025இல் அவர் கிறிஸ்டோபர் பெல், இரண்டாம் வாசலின் பத்தியில் எழுதுங்கள். ஆல்-ஸ்டாருக்குப் பிறகு அதே பருவத்தில் வரும் வெற்றிகளை அடுத்த ஆண்டுக்கான புதிய பக்கத்தில் உடனுக்குடன் சேர்த்துக்கொண்டே வாருங்கள்: 2025 மே மாதத்தில் ஓபனைத் தாண்ட முடியாமல் வெளியே நின்ற ஷேன் வான் கிஸ்பெர்கன் ஜூனில் மெக்சிகோ நகரத்திலும், பப்பா வாலஸ் ஜூலையில் இண்டியானாபொலிஸிலும் வென்று, அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.