குன்னூர், கோத்தகிரில இருந்து மினிக்காய் லைட்ஹவுஸ் பாக்க போறீங்களா?

நம்ம மலைல இருந்து கடல் பாக்க கெளம்புறவங்க பெரும்பாலும் கொச்சியோட நிறுத்திக்கிறாங்க, அங்கேருந்து கப்பல் ஏறினா லட்சத்தீவுல மினிக்காய் வரைக்கும் போலாம்ங்க, 1885ல வெள்ளைக்காரன் கட்டுன லைட்ஹவுஸ் அங்க இருக்கு. 1869ல சூயஸ் கால்வாய் திறந்தப்புறம் ஏடன்ல இருந்து கொழும்பு போற கப்பலெல்லாம் இந்தப் பக்கமாத்தான் போச்சு, தீவோ தட்டையா கெடக்குற பவளத்திட்டு, ராத்திரில கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது, அதனாலதான் நூறடிக்கு மேல உசரமா வெள்ளை டவரா கட்டியிருக்காங்க. சுதந்திரம் வந்தப்புறமும் 1956 வரைக்கும் இது பிரிட்டிஷ்காரங்க கையிலதான் இருந்துச்சுங்கிறது பல பேருக்குத் தெரியாது.

சரி மேட்டருக்கு வரேன். பர்மிட் இல்லாம தீவுக்குள்ள போக முடியாது, அது கைக்கு வந்தப்புறம் கோயமுத்தூர்-எர்ணாகுளம் ட்ரெயின் டிக்கெட் போடுங்க, முன்னாடியே போட்டுட்டு கேன்சல் பண்ணி காசு விடாதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வேண்டவே வேண்டாம், கடல் மோசமா இருக்கும். மேட்டுப்பாளையம் எறங்குற வளைவுலயே வாந்தி எடுக்கிற ஆளா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கிக்கோங்க, கப்பல் ஆட்டம் இதவிட நீளம்! ஸ்வெட்டர் எல்லாம் வீட்லயே இருக்கட்டும், காட்டன் சட்டை போதும். மேல ஏற விடுற நேரம் எதுன்னு தீவுல எறங்கினதுமே கேட்டு வச்சுக்கோங்க, முட்டி வலி இருக்கிற பெரியவங்க கீழேயே நின்னு பாத்தா போதும்.