லாபத்தில் ஊருக்கு ஒரு பங்கு: பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் கொடுக்கும் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலில் லாபம் ஒரு வருஷம் ஏறும், அடுத்த வருஷம் இறங்கும். ஆனால் பள்ளியில் அமர்த்திய ஆசிரியருக்குச் சம்பளம் மாதாமாதம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை தினமும் வேண்டும். ஏழைக் குடியிருப்புகளின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் லாபத்தில் பங்கு ஒதுக்கும் தமிழ்நாட்டு நிறுவனங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையால்தான். கொடுக்கும் மனசில் குறை இருப்பதில்லை. பணம் வரும் தாளமும் செலவாகும் தாளமும் ஒத்துப்போவதில்லை.

இந்த வருஷ லாபத்தைப் பார்த்து வாக்குக் கொடுப்பது

ஒரு நிறுவனத்தின் லாபம் மூன்று வருஷங்களில் 40 லட்சம், 10 லட்சம், 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் 5 சதவீதம் ஊருக்கு என்பது முடிவு. அப்படியானால் முதல் வருஷம் 2 லட்சம், இரண்டாம் வருஷம் 50 ஆயிரம், மூன்றாம் வருஷம் 1.25 லட்சம் கிடைக்கும். முதல் வருஷ உற்சாகத்தில் மாதம் 12,000 ரூபாய்க்கு ஒரு மாலைநேர ஆசிரியரை அமர்த்தினால் வருஷச் செலவு 1.44 லட்சம். முதல் வருஷ மிச்சத்தை எடுத்து வைக்காவிட்டால், அடுத்த வருஷம் கையில் இருக்கும் 50 ஆயிரம் நான்கு மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வுக்குத் தயாராகும் நேரத்தில் ஆசிரியர் இருக்க மாட்டார்.

அதே மூன்று வருஷத் தொகையை, அதாவது 3.75 லட்சத்தை, வருஷத்துக்கு 1.25 லட்சம் என்று சமப்படுத்தினால் மாதம் 10,000 ரூபாய்க்குத் தடையில்லாமல் ஓடும். நல்ல வருஷத்தில் மிஞ்சும் 75 ஆயிரம்தான் மோசமான வருஷத்தின் பள்ளத்தை அடைக்கிறது. எனவே கடந்த மூன்று வருஷச் சராசரியை அடிப்படையாக வைத்து ஒதுக்குங்கள். அந்தப் பணம் தொழில் கணக்கில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். 12 மாதக் கடப்பாட்டுக்கு ஈடான தொகை அங்கே சேரும்வரை புதிய திட்டம் எதற்கும் தலையாட்ட வேண்டாம்.

இன்னொன்று, கணக்கில் தெரியும் லாபம் கல்லாவில் இருக்காது. மார்ச் 31 அன்று ஏட்டில் 25 லட்சம் லாபம் தெரியும். அதில் பாதி, வாடிக்கையாளர் தராத பாக்கியாகவும் கிடங்கில் கிடக்கும் சரக்காகவும் இருக்கும். அப்போது கொடுக்கும் காசோலை ஓவர்டிராஃப்டில் இருந்துதான் போகும். வட்டிக்கு வாங்கித் தானம் செய்கிற கதை இது. ஒரே மூச்சில் மார்ச் கடைசியில் கொடுப்பதைவிட, பாக்கி வசூலான பிறகு காலாண்டுக்கு ஒருமுறை தனிக் கணக்குக்கு மாற்றுவது பாதுகாப்பு.

பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஓட்டும் செலவை மறப்பது

பெயர்ப்பலகை ஒட்ட வசதியானது என்பதால் எல்லோருக்கும் பொருள் பிடிக்கும். அரசுப் பள்ளிக்கு, தண்ணீரின் உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் வைப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி மொத்தக் கரைதிடம், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அதற்குள் இருந்து, கிருமி மட்டுமே பிரச்சினை என்றால் ஆர்ஓ தேவையே இல்லை. தொட்டியைக் கழுவிக் குளோரின் கலந்து, நல்ல வடிகட்டி ஒன்று வைத்தால் போதும். உப்பு நிஜமாகவே அதிகமென்றால் ஆர்ஓ வைக்கலாம். ஆனால் முன்வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும், உப்பைப் பிரிக்கும் சவ்வைச் சில வருஷங்களுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். சிறிய இயந்திரங்கள் தரும் நல்ல தண்ணீரைவிட வெளியே தள்ளும் கழிவுநீரே அதிகம். அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பக் குழாய் போட வேண்டும். மின்கட்டணம் கூடும். இவற்றுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காத இயந்திரம் முதல் சவ்வு அடைத்ததும் நின்றுவிடும்.

கழிப்பறைக்கும் இதே கதிதான். கட்டடம் கட்டுவது எளிது. தண்ணீர் இணைப்பு, துப்புரவுப் பணியாளர் கூலி, பினாயில், பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் அகற்றும் ஏற்பாடு ஆகியவைதான் அதைக் கழிப்பறையாக வைத்திருக்கும். ஸ்மார்ட் வகுப்பறை என்றால் யுபிஎஸ் பேட்டரி, இணையக் கட்டணம், ஆசிரியருக்குப் பயிற்சி.

வாங்கும் முன் ஒரு தாளில் மூன்று வருஷ ஓட்டும் செலவை எழுதுங்கள். அதற்கும் பணம் ஒதுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். முடியாவிட்டால் பாதி அளவில் வாங்கலாம். தலைமையாசிரியரோடு மட்டும் பேசி முடித்துவிடவும் கூடாது. அவருக்கு மாற்றல் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் அங்கேயே இருப்பார்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவானால் அடுத்து வரும் தலைமையாசிரியருக்கும் அது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம்

ஷாமியானா, இலவச சர்க்கரைச் சோதனை, பத்து நாள் மாத்திரை, மதிய சாப்பாடு. பதினோராம் நாள் என்ன ஆகும்? ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பத்து நாள் மருந்து கொடுத்து விட்டுவிடுவது, ஒன்றும் கொடுக்காததைவிடப் பெரிதாக மேல் இல்லை. 'முகாமில் பார்த்தாச்சு' என்ற நிம்மதியில் சிலர் மருத்துவமனைப் பக்கமே போகாமல் விடுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த இரண்டு நோய்களுக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. ஆகவே நிறுவனத்தின் பணம் மாத்திரைக்குப் போகத் தேவையில்லை. நோய் இருப்பதே தெரியாதவர்களைக் கண்டுபிடிப்பதற்கும், அவர்களை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் சேர்ப்பதற்கும் போகட்டும். முகாமுக்கு முன்பே அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் பேசுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு வரிசையில் நின்றபடியே அளந்தால் எண் ஏறித்தான் இருக்கும். மேல்சிகிச்சைக்கு எழுதித் தந்தவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று 30 நாள் கழித்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். முகாமின் வெற்றியை வந்தவர் எண்ணிக்கையால் அளக்காமல் இந்த எண்ணிக்கையால் அளக்கலாம்.

மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த இடத்தில்தான் பாடமாகிறது. முகாமில் கண்புரை கண்டறியப்பட்டவரை 'வந்து சேருங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்புவதில்லை. வண்டி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் அவர்களே ஏற்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அறுவை செய்து, ஊரில் திரும்ப விடுகிறார்கள். அறுவை இலவசம் என்றாலும், பேருந்துக் காசும் போகிற கூலியும் ஏழையை வீட்டில் உட்கார வைத்துவிடும். பணம் கட்டும் நோயாளிகளிடம் வரும் உபரியில் கட்ட முடியாதவர்களுக்குச் சிகிச்சை நடக்கிறது. வருஷக் கடைசியில் மிஞ்சியதைத் தருவதற்குப் பதிலாக, தொழிலின் விலை அமைப்பிலேயே ஏழையின் பங்கை வைத்த ஏற்பாடு அது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்ய 1992இல் அவர்கள் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே கணக்கில்தான்.

அரசு தருவதையே மறுபடி தருவது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றுக்கு வெளியே விழும் ஓட்டை எது என்று தேடுங்கள்: காப்பீட்டு அட்டை எடுக்க அலையும் நாளில் இழக்கும் கூலி, மருத்துவமனையில் துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, விடுதிக் கட்டணம், விண்ணப்பம் நிரப்ப ஆள். கல்லூரி உதவித்தொகை தருவதென்றால் படிப்பு முடியும்வரை உள்ள பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். நான்கு வருஷப் படிப்புக்கு முதல் வருஷம் மட்டும் பத்துப் பேருக்குக் கட்டுவதைவிட, இரண்டு பேருக்கு முழுதாகக் கட்டுவது மேல்.

சொந்தக் கதவுக்குள் பார்க்காமல் இருப்பது

ஊருக்கு முகாம் நடத்தும் தொழிற்சாலையிலேயே ஒப்பந்தத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இல்லாத நிலை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அது தர்மக் கணக்கில் வராது, சட்டக் கடமை. அந்தத் தொழிலாளி குடியிருப்பதும் நீங்கள் உதவப்போகும் அதே தெருவாக இருக்கலாம்.

வரியும் சட்டமும்

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய கம்பெனிக்குச் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்புச் செலவு) கட்டாயம்: மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். நிர்வாகச் செலவு அதில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது கணக்கில் சேராது. அறக்கட்டளை மூலம் செய்தால் சிஎஸ்ஆர் பணம் பெற அரசிடம் செய்ய வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவு அதற்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொடர் திட்டத்தில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட வேண்டும். இந்தச் செலவைத் தொழில் செலவாகக் காட்டி வரியில் கழிக்க முடியாது.

சிறு நிறுவனங்கள் ஏமாறுவது வேறு இடத்தில். புதிய வரி முறையில் இருக்கும் தனி உரிமையாளருக்கு, நன்கொடைக்கான வரிக்கழிவு (80ஜி என்று அறியப்படுவது) இல்லை. குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்த கம்பெனிகளுக்கும் இல்லை. கழிவு கிடைப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, கம்ப்யூட்டராகவோ நோட்டுப் புத்தகமாகவோ கொடுத்தாலும் கிடைக்காது. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவும் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வரிச் சலுகையை நம்பித் தொகையை நிர்ணயிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சொல்லாமல் நிறுத்துவது

தொழில் நொடித்தால் நிறுத்தத்தான் வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் எப்படி நிறுத்துவது என்பதைத் தொடங்கும்போதே எழுதுங்கள். பள்ளி என்றால் கல்வியாண்டின் நடுவில் நிறுத்துவதில்லை, ஒரு பருவத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிப்பது, சேமிப்பில் உள்ள 12 மாதத் தொகையை அதற்கே செலவிடுவது. மருத்துவம் என்றால் நோயாளிகளின் பதிவேட்டை அவர்கள் சம்மதத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்திடம் ஒப்படைத்து, யார் பெற்றுக்கொண்டார் என்று கையெழுத்து வாங்கிய பிறகே உதவியை நிறுத்துவது.