செவிவிழிப்புலனற்றோருக்கான தொண்டு நிறுவனத்தின் கணக்கைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அம்மாவின் ஆண்டுத் திவசத்தையோ பிள்ளையின் பிறந்தநாளையோ முன்னிட்டு ஒரு தொகையை ஒதுக்கி, "நல்ல இடமாகப் பார்த்துக் குடுங்கோ" என்று வெளிநாட்டிலிருந்து சொல்லும் உறவினர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. அந்த நல்ல இடம் எது என்பதைப் பெரும்பாலும் தெரிந்தவர் சொன்னதை நம்பியோ, கட்டடத்தின் தோற்றத்தைக் கண்டோ தீர்மானித்துவிடுகிறோம். கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கொடுப்பவர்கள் மிகச் சிலரே. ஊர்ச் சங்கமொன்றில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்த அனுபவத்தைக் கொண்டு, கணக்கியல் படிக்காதவரும் பின்பற்றக்கூடிய விதத்தில் அந்த வேலையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்கொண்டது பார்வையையும் கேள்வியையும் ஒருசேர இழந்தவர்களுக்குத் தொண்டு செய்யும் நிறுவனங்களின் கணக்கு. ஏனென்றால் பொதுவான அளவுகோல்கள் மிக மோசமாகப் பிழைக்கும் இடம் அதுதான்.

கணக்கைத் திறப்பதற்கு முன்: வேலை எப்படிப்பட்டது?

செவிப்புலனோ விழிப்புலனோ இழந்த பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலையின் பெயரைக் கேள்விப்படாதவர் குடாநாட்டில் குறைவு. செவிப்புலன் இழந்த பிள்ளை கண்ணால் சைகையைப் படிக்கிறது. விழிப்புலன் இழந்த பிள்ளை காதால் பாடத்தைக் கேட்கிறது. இரண்டும் ஒருசேரக் குறைந்த பிள்ளைக்கு அந்த இரண்டு வழிகளுமே அடைபட்டுவிடுகின்றன. சிறிதளவு பார்வையோ கேள்வியோ எஞ்சியிருப்பவர்கள் பலர் என்றாலும், கற்பதற்கும் பேசுவதற்கும் அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது தொடுகையையே.

ஒரு காலை நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பதின்நான்கு வயதளவான ஒரு பிள்ளையின் அருகில் பணியாளர் வந்து அமர்ந்து, தன் மணிக்கட்டைப் பிள்ளையின் விரல்களுக்குக் கீழே வைத்தார். அங்கே ஒரு பெரிய மணி கோத்த நூல் காப்பு இருந்தது. பிள்ளை அந்த மணியை இரண்டு முறை உருட்டிப் பார்த்து, வந்தவர் யார் என்று அறிந்து முகம் மலர்ந்தது. பிறகு பணியாளர் ஒரு கரண்டியை அதன் கையில் வைத்தார். சாப்பாட்டு வேளை என்பதற்கு அதுவே சொல். பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காமல், தன் கையை அதன் கைக்கு அடியில் கொடுத்துக் கோப்பைக்குக் கொண்டுபோனார். அரைக் கோப்பைப் புட்டு முடிய நாற்பது நிமிடமானது. அந்த நாற்பது நிமிடமும் அவரால் வேறொருவரைக் கவனிக்க முடியவில்லை.

வருட முடிவில் அந்த நாற்பது நிமிடம் கணக்கில் "சம்பளம்" என்ற தலைப்பின் கீழ் வரும். இதை மறக்காமல் வைத்திருந்தால் மற்றப் படிகள் எல்லாம் எளிதாகும்.

படி 1: ஆவணங்களைக் கேட்டுப் பெறுங்கள்

கடந்த மூன்று ஆண்டுகளின் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகளைக் கேளுங்கள். ஓராண்டுக் கணக்கு ஒரு புகைப்படம் போன்றது. நிறுவனம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மூன்றாண்டுகள்தான் காட்டும். வருமானச் செலவினக் கணக்கு, ஐந்தொகை (ஆண்டு முடிவில் உள்ள சொத்துகளையும் கடன்களையும் காட்டும் பட்டியல்), கணக்காய்வாளரின் அறிக்கை, கணக்குகளுக்கான குறிப்புகள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். குறிப்புகள் இல்லாமல் வரும் கணக்கில் உங்களுக்குத் தேவையான பாதி விடயம் இருக்காது.

பதிவுச் சான்றிதழையும் பாருங்கள். இலங்கையில் தொண்டு நிறுவனங்கள் பல, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதிவு செய்யப்பட்டிருக்கும். சான்றிதழிலுள்ள பெயரும், வங்கிக் கணக்கின் பெயரும், பற்றுச்சீட்டில் அச்சிட்ட பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிப்பட்ட ஒருவரின் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

நிறுவனத்துக்கு லண்டனில் ஒரு கிளையோ துணை அமைப்போ இருந்தால் வேலை இன்னும் இலகு. இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் அறக்கொடை ஆணைக்குழுவின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் ஆண்டு வாரியான வரவும் செலவும் தெரியும். நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் அறிக்கை சமர்ப்பிக்கப்படாவிட்டால் அந்தத் தாமதமும் அங்கே தெரியும். அங்கிருந்து இங்கே அனுப்பியதாகக் காட்டிய தொகையும் இங்குள்ள கணக்கில் வந்ததாகக் காட்டிய தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நிதியாண்டு வேறுபாட்டாலும் நாணய மாற்றாலும் சிறு வித்தியாசம் வரலாம்; பெரிய வித்தியாசத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும்.

அரசாங்கத்திடமிருந்தோ, வெளிநாட்டு அரசிடமிருந்தோ, சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனம், அந்தச் சேவை தொடர்பான தகவல்களைப் பொறுத்தவரை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் முதலில் அன்பாகக் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் கேட்டவுடனேயே தந்துவிடும்.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இனிமேல் ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 84 இலட்சம் ரூபாய். புலம்பெயர் சங்கமொன்றிடமிருந்து 54 இலட்சம், உள்ளூர் நன்கொடை 12 இலட்சம், ஒரு திட்ட நிதி 12 இலட்சம், நிலையான வைப்பு வட்டி 6 இலட்சம். 54ஐ 84ஆல் பிரித்தால் ஏறத்தாழ 64 சதவீதம். அந்த ஒரு சங்கத்தில் நிர்வாகம் மாறினாலோ பிணக்கு வந்தாலோ, மூன்றில் இரண்டு பங்கை அண்மித்த வருமானம் ஒரே நாளில் நின்றுவிடும். இது குற்றமல்ல, ஆனால் அப்படி நின்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டு, பதில் ஆயத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரூபாயில் வருமானம் கூடியிருப்பதைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். 2022இன் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. வெளிநாட்டிலிருந்து அதே தொகை வந்தாலும் ரூபாய்க் கணக்கில் பெருவளர்ச்சி போலத் தெரியும். வைப்பு வட்டியும் அக்காலத்தில் வழமைக்கு மாறாக உயர்ந்து, பின்னர் இறங்கியது. எனவே 2022, 2023ஆம் ஆண்டுகளின் வருமானத்தை அனுப்பிய நாட்டின் நாணயத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள். பிறெயில் தாள், கேட்கும் கருவிக்கான மின்கலம் போன்றவை இறக்குமதிப் பொருட்கள் என்பதால் செலவும் அதே வேகத்தில் ஏறியிருக்கும்.

இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நினைவு நாளுக்கும் பிறந்தநாளுக்கும் "ஒரு நேரச் சாப்பாடு" கொடுப்பது எங்களிடம் வேரூன்றிய நல்வழக்கம். ஆனால் சாப்பாட்டுக்கென்று கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால் மூன்று நாள் தொடர்ந்து பாயாசத்துடன் சாப்பாடு நடக்கும் இடத்தில், அதை ஊட்டிவிடும் பணியாளருக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாக இருக்கலாம். கணக்கில் உணவுக்கான நன்கொடை எவ்வளவு, உணவுச் செலவு எவ்வளவு என்று அருகருகே எழுதிப் பார்த்தால் இது வெளிப்படும்.

படி 3: சம்பளத்தைச் சரியாக வாசியுங்கள்

நம் நிறுவனத்தின் ஆண்டுச் செலவு 80 இலட்சம். பணியாளர் செலவு 46, போக்குவரத்து 9, கற்றல் பொருட்களும் கருவிகளும் 8, அலுவலகமும் கணக்காய்வும் 7, வாடகையும் மின்சாரமும் 6, நிகழ்வுகள் 4.

புதிதாகக் கணக்குப் பார்க்கும் ஒருவர் "பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறதே" என்று முகம் சுளிப்பார். உலர் உணவுப் பொதி வழங்கும் நிறுவனத்தைப் பற்றியென்றால் அந்தக் கேள்வி நியாயமானது. இங்கே அது முழுப் பிழை. செவிவிழிப்புலனற்றவருக்குக் கொடுக்கப்படும் சேவை ஒரு மனிதரின் கை. அந்தக் கைக்கான கூலிதான் இந்த 46 இலட்சம். நான் சந்தேகிப்பது சம்பளம் மிகக் குறைவாக இருக்கும் கணக்கைத்தான். நூறு பேருக்குச் சேவை செய்வதாகச் சொல்லி இரண்டு பணியாளருக்கு மட்டும் சம்பளம் காட்டியிருந்தால், அந்த நூறு பேரும் பெயர்ப் பட்டியலில் மட்டுமே இருக்கக்கூடும்.

ஒரு சிறு சரிபார்ப்பு எவராலும் செய்யக்கூடியது. பொதுவாகத் தொழில் தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். சம்பளம் 40 இலட்சமானால் அவை முறையே 4.8 இலட்சமும் 1.2 இலட்சமும் ஆகும். கூட்டினால் 46 இலட்சம் சரியாக வருகிறது. சம்பளம் காட்டி இந்த இரண்டையும் காட்டாத கணக்கில், பணியாளர்கள் "தொண்டர்" என்ற பெயரில் படிக்காசுக்கு வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவர்கள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நூல் காப்பின் மணியை உருட்டிப் பார்த்து ஆளை அறிந்த அந்தப் பிள்ளைக்கு, அவர் போவது ஒரு மொழியே போவதற்குச் சமம். புதியவரின் கையை நம்பிப் பழக மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூன்றாண்டில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற கேள்வியையும் நிதிக் கேள்விகளோடு சேர்த்தே கேளுங்கள்.

படி 4: ஒரு மணித்தியாலத்துக்கு என்ன செலவு?

நம் நிறுவனம் 22 பேருக்குக் கிழமைக்கு ஆறு மணித்தியாலம், ஆண்டில் 48 கிழமைகள் சேவை செய்கிறது. பெருக்கினால் 6,336 மணித்தியாலம். பணியாளர் செலவையும் போக்குவரத்தையும் கூட்டிய 55 இலட்சத்தை அதனால் பிரித்தால் ஏறத்தாழ 868 ரூபாய். இந்த எண்ணை மூன்றாண்டுக்கும் கணித்து ஒப்பிடுங்கள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்பதற்கு வரவுப் பதிவேடு இல்லையென்றால், கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

பயனாளிகளின் எண்ணிக்கையையும் எடைபோடலாம். உலக செவிவிழிப்புலனற்றோர் கூட்டமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, கடுமையான நிலையில் இருப்போர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 0.2 சதவீதம் என்று மதிப்பிட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள்தொகையை ஆறு இலட்சமென்று வைத்துக்கொண்டால் 1,200 பேரளவில் வரும்; அவர்களிலும் பெரும்பாலானோர் முதியவர்கள். மாவட்டத்துக்குள் மட்டும் பல ஆயிரம் பேருக்கு உதவியதாக ஒரு அறிக்கை சொன்னால், யாரை எல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்று கேட்பது முறையானது.

படி 5: கையிருப்பைப் பிரித்துப் பாருங்கள்

ஐந்தொகையில் வங்கி மீதி 36 இலட்சம் என்று இருக்கிறது. மாதச் செலவு 6.67 இலட்சம் என்பதால் ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கும் என்று தோன்றும். குறிப்புகளைத் திருப்பினால், அதில் 21 இலட்சம் ஒரு குடும்பம் தந்தையின் ஞாபகார்த்தமாகக் கட்டடத்துக்கென்று கொடுத்தது. எஞ்சும் 15 இலட்சம் இரண்டேகால் மாதத்துக்கே போதும். இப்படிப்பட்ட நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்று மாதச் செலவாவது கட்டுப்பாடற்ற கையிருப்பில், அதாவது குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று ஒதுக்கப்படாத பணத்தில், இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு ஆண்டுச் செலவுக்கு மேல் வைப்பில் குவித்துவைத்துக்கொண்டு மேலும் கேட்பவர்களிடம் காரணம் கேளுங்கள்.

கணக்காய்வாளரின் அறிக்கையில் "தவிர" என்ற சொல் வரும் வாக்கியத்தைத் தேடி இரண்டு தடவை வாசியுங்கள்; அவர் உறுதிப்படுத்த மறுத்த விடயம் அங்கேதான் இருக்கும்.

படி 6: கொடுக்கும்போது

எல்லாம் திருப்தியாக இருந்தால், ஒரே தடவையில் ஒரு இலட்சம் கொடுப்பதைவிட மாதம் பத்தாயிரமாகப் பத்து மாதம் கொடுங்கள். சம்பளம் மாதந்தோறும் கொடுக்க வேண்டியது. வங்கிச் சிட்டையில் நோக்கம் எழுதும் இடத்தில் "பணியாளர் சம்பளத்துக்கு" என்றோ "பொது நிதிக்கு" என்றோ எழுதுங்கள். வெளிநாட்டு உறவினருக்குப் பற்றுச்சீட்டை அனுப்பும்போது, சாப்பாட்டுப் படம் வராததற்குக் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதி, நீங்கள் கணித்த 868 ரூபாயைக் கொண்டு அவர்களின் பணம் எத்தனை மணித்தியாலமாக மாறும் என்று சொல்லுங்கள். பத்தாயிரம் ரூபாய் பதினொன்றரை மணித்தியாலம்: ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ இரண்டு கிழமை.