சோறு நின்றது, மாத்திரை நிற்கவில்லை: கறி மட்டுமே சாப்பிட்ட நான்கு மாதங்களில் நான் செய்த தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையம், காலை பதினொரு மணி இருக்கும். திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. எதிரே நின்ற பேருந்தில் ஊர்ப்பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் படிக்க முடியவில்லை. பையில் இருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தேன். 54. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே லோ சுகர்தான். கறி மட்டும் சாப்பிட ஆரம்பித்து அன்று நாலாவது நாள்.

எனக்கு ஒன்பது வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அப்புறம் பிரஷருக்கு ஒரு மாத்திரை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6இல் நின்றது, இறங்கவே இல்லை. மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவு முறையில் சர்க்கரையைக் குறைத்த நண்பர்களைப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு படி மேலே போய், கறி, மீன், முட்டை தவிர எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார் என்று பயம். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நாம் என்ன சாப்பிட்டோம் என்று அதற்குத் தெரியாது. டாக்டர் அதை எழுதிக்கொடுத்த காலத்தில் நான் காலையில் ஐந்து இட்லி, மதியம் வயிறு நிறையச் சோறு சாப்பிடுகிற ஆள். அந்தச் சோற்றுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அளவு அது. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை அப்படியே விழுங்கினால், சுரக்கிற இன்சுலின் இருக்கிற கொஞ்ச சர்க்கரையையும் இறக்கிவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, இன்னும் அதிகமாகவே. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அரிது. அதனால், தட்டை மாற்றுவதற்கு முன்னால் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள். டைப் 1 உள்ளவர்கள் எந்த உணவு முறையிலும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. உயிருக்கு ஆபத்து.

அன்று பேருந்து நிலையத்தில் இன்னொரு தவறும் செய்தேன். இனிப்பு தொட்டால் நாலு நாள் விரதம் வீணாகிவிடும் என்று, டப்பாவில் இருந்த அவித்த முட்டையைத் தின்றேன். முட்டையும் கறியும் அந்த நேரத்தில் உதவாது. புரதம் சர்க்கரையாக மாற நேரம் பிடிக்கும். பத்து நிமிடம் வீணாகப் போனது. பக்கத்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தார். அவருக்கு நான் கடன்பட்டவன். லோ சுகர் என்று தெரிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், அதாவது 15 கிராம் அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்வதால், ஏறின சர்க்கரை திரும்பவும் இறங்கலாம். எனக்கு மாலையில் இறங்கியது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் இந்தப் பத்தியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள். மாவுச்சத்தே இல்லாத உணவோடு இவை சேரும்போது, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அளவுக்கு மீறி இரத்தம் அமிலமாகலாம். கொடுமை என்னவென்றால், குளுக்கோமீட்டர் அப்போது 150, 180 என்று சாதாரணமாகக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015லேயே இந்த அமிலநிலை பற்றி எச்சரித்தது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கறி மட்டும் சாப்பிட்டுப் பிழைத்தவர்களின் கதைகள் எனக்கு அப்போது தைரியம் கொடுத்தன. 1797இலேயே ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ஒரு கேப்டனின் நீரிழிவை மாமிச உணவால் கட்டுப்படுத்தியதை எழுதி வைத்திருக்கிறார். 1928இல் ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி நியூயார்க்கில் டாக்டர்கள் மேற்பார்வையில் ஒரு வருடம் கறி மட்டும் உண்டார். இரண்டும் உண்மைதான். ஆனால் ரோலோவின் காலத்தில் சர்க்கரை மாத்திரை என்ற ஒன்றே கிடையாது. ஸ்டெஃபான்சனுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. என் கதை அவர்கள் கதை அல்ல என்பது எனக்கு மாட்டுத்தாவணியில்தான் புரிந்தது.

ஸ்டெஃபான்சனிடம் நான் கற்றிருக்க வேண்டிய வேறு ஒன்று இருந்தது. கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தபோது சில நாளிலேயே அவருக்குக் குமட்டலும் பேதியும் வந்தன. கொழுப்பைச் சேர்த்ததும் சரியானது. நான் கொலஸ்ட்ராலுக்குப் பயந்து தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியாகவே தின்றேன். இரண்டாவது வாரம் பசியும் அடங்கவில்லை, சோர்வும் போகவில்லை.

தலைசுற்றலும் இருந்தது. மாவுச்சத்து நின்றால் இன்சுலின் குறையும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். அதோடு பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். என் பிரஷர் 98/60க்கு வந்திருந்தது. இந்த முறை டாக்டரிடம் ஓடினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கிளிமிபிரைடை நிறுத்தினார், பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினார், பிறகு கேட்டார்: "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட் எங்கே?" ஹெச்பிஏ1சி தவிர எதுவும் என்னிடம் இல்லை.

அவர் எடுக்கச் சொன்ன டெஸ்டில் சிறுநீரில் புரதம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பழையதா, இந்தக் கறியால் வந்ததா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், கொழுப்பு அளவுகள், யூரிக் அமிலம், விழித்திரைப் பரிசோதனை இவையெல்லாம் முதல் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பாதித்த விழித்திரை தற்காலிகமாக இன்னும் மோசமாகலாம் என்பதால் கண்ணையும் சொல்கிறேன்.

சமையலில் நடந்தது சின்னத் தவறு. கடையில் வாங்கிய சிக்கன் 65இல் சோள மாவு, வீட்டுக் குழம்பில் தேங்காயும் முந்திரியும். கறிதானே என்று சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாத முடிவில் ஹெச்பிஏ1சி 6.7. எடை ஏழு கிலோ குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதே ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 189க்குப் போயிருந்தது. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு ஆபத்து ஏற்கெனவே அதிகம், அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது. மலச்சிக்கலும் விடவில்லை. டாக்டர் இதைத் தொடர வேண்டாம் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

நிறுத்தும்போதும் பழைய தவறையே திரும்பச் செய்தேன். ஒரு கல்யாண வீட்டில் இலை போட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, பாயாசம் வரை சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 312. மாவுச்சத்தை மறந்திருந்த உடம்பு, நிறுத்திய மாத்திரை, இரண்டும் சேர்ந்த கணக்கு. திரும்பச் சாப்பிடுவதென்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், அதுவும் மாத்திரையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான்.

இப்போது மதியம் ஒரு கப் சோறு, நிறையக் கீரை, மத்தி அல்லது அயிலை, இரவில் முட்டையும் காயும். மெட்ஃபார்மின் தொடர்கிறது, கொழுப்புக்கு ஒரு மாத்திரை சேர்ந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது ஹெச்பிஏ1சி 7.0, எல்டிஎல் 94. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கிறது.