டிசைனரில் வரைந்த திரையைப் பைத்தான் நிரலோடு இணைத்தல்: செய்முறை விளக்கம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் என் சித்தப்பா நடத்தும் ஜவுளிக்கடைக்கு ஒரு பில் போடும் செயலி எழுதியபோது, திரையை வரைய ஒரு மாலைப்பொழுதே போதுமானதாக இருந்தது. வரைந்ததை நிரலோடு சேர்க்கத்தான் மூன்று நாட்கள் பிடித்தன. அந்த மூன்று நாட்களை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன். பைத்தானும், அதில் சாளரச் செயலிகள் எழுத உதவும் பைக்யூட்6 நூலகமும் உங்கள் கணினியில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். திரைகளை வரைய உதவும் க்யூட் டிசைனர் என்ற கருவி இல்லையென்றால், பைசைட்6 என்ற இன்னொரு நூலகத்தை நிறுவுங்கள், அதனுடனேயே வந்துவிடும்.

படி 1: டிசைனரில் 'மெயின் விண்டோ' வகையைத் தேர்ந்து, பொத்தான்களையும் பெட்டிகளையும் வைத்தபின், ஒவ்வொன்றுக்கும் 'ஆப்ஜெக்ட் நேம்' என்ற இடத்தில் பொருள் விளங்கும் பெயர் கொடுங்கள். நிரல் அவற்றை அடையாளம் காண்பது இந்தப் பெயரால்தான். சட்டை அளவுக்கான பெட்டிக்கு வெறும் 'சைஸ்' என்று பெயரிட வேண்டாம். சாளரத்துக்கு அதே பெயரில் ஏற்கெனவே ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு, அது மறைந்துவிடும்.

படி 2: கோப்பை 'யூஐ' நீட்டிப்புடன் சேமியுங்கள். இதைப் பைத்தான் நிரலாக மாற்றியும் பயன்படுத்தலாம், ஓடும்போது நேரடியாக ஏற்றியும் பயன்படுத்தலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஏனெனில் மாற்றிய கோப்பில் நீங்கள் கையால் எழுதும் திருத்தங்கள், திரையைத் திருத்தி மறுபடி மாற்றும்போது அழிந்துவிடும்.

படி 3: 'க்யூமெயின்விண்டோ'விலிருந்து ஒரு வகுப்பை உருவாக்கி, அதன் தொடக்கச் செயற்கூற்றில் முதலில் 'சூப்பர்' அழைப்பையும், அடுத்து யூஐ கோப்பை ஏற்றும் 'லோட்யூஐ' அழைப்பையும் எழுதுங்கள். லோட்யூஐ-க்கு இரண்டாவது உள்ளீடாக 'செல்ஃப்' கொடுத்தால்தான் திரையிலுள்ள பொருள்கள் உங்கள் வகுப்பிலேயே வந்து அமரும். டிசைனரில் 'மெயின் விண்டோ' வகையைத் தேர்ந்துவிட்டு இங்கே 'க்யூவிட்ஜெட்'டை எழுதினால் பிழை வரும்.

படி 4: என்னைத் தடுக்கி விழவைத்தது இந்தப் படிதான். கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். என் மடிக்கணினியில் குறையில்லாமல் ஓடியது. கடைக் கணினியில் டெஸ்க்டாப் குறுக்குவழியைச் சொடுக்கினால் சாளரம் திறக்கவேயில்லை. கோப்பைப் பலமுறை நகலெடுத்துப் பார்த்தும் பயனில்லாமல் போன பிறகே காரணம் பிடிபட்டது: வெறும் பெயரைக் கொடுத்தால், பைத்தான் அதை நிரல் இருக்கும் கோப்புறையில் தேடுவதில்லை, நிரலை எந்தக் கோப்புறையில் நின்று தொடங்கினோமோ அங்கேதான் தேடுகிறது. வீட்டில் நான் அதே கோப்புறையில் நின்று ஓட்டினேன். குறுக்குவழியோ வேறிடத்திலிருந்து தொடங்கியது. இதற்குத் தீர்வு, 'பாத்லிப்' நூலகத்தின் துணையோடு நிரல்கோப்பின் சொந்த முகவரியை எடுத்து, அதன் தாய்க்கோப்புறையுடன் திரைக்கோப்பின் பெயரைச் சேர்த்து, கிடைக்கும் முழுமுகவரியை உரையாக மாற்றி லோட்யூஐ-க்குக் கொடுப்பதாகும். முழுமுகவரியைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள்; அடுத்த கணினியில் அது செல்லாது.

படி 5: பொத்தானை அழுத்தியதும் எழும் 'கிளிக்டு' சமிக்ஞையை 'கனெக்ட்' மூலம் உங்கள் செயற்கூற்றுடன் இணையுங்கள். செயற்கூற்றின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி இடக்கூடாது. இட்டால் அது அப்போதே ஓடிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர், பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பில்லில் ஒரே புடவை பலமுறை ஏறுவதாகச் சொன்னார். அவருடைய செயற்கூற்றின் பெயர் 'ஆன்' என்று தொடங்கி, பொத்தானின் பெயரும் 'கிளிக்டு' என்பதும் அடிக்கோடுகளால் இணைந்ததாக இருந்தது. அத்தகைய பெயர்களை லோட்யூஐ தானாகவே இணைத்துவிடும். கிளிக்டு சமிக்ஞைக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதால், அந்த இணைப்பே செயற்கூற்றை இருமுறை ஓட்டும். நாம் எழுதிய கனெக்ட் அதற்கு மேல் இன்னொரு முறை. செயற்கூற்றுக்கு மேல் 'பைக்யூட்ஸ்லாட்' அலங்கரிப்பைச் (டெக்கரேட்டர்) சேர்த்துத் தானியங்கி இணைப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், செயற்கூற்றின் பெயரை மாற்றிவிடுவதே தெளிவானது என்பது என் கருத்து. அவரும் 'பில்_சேர்' என்று மாற்றினார்; புடவை ஒருமுறை மட்டுமே ஏறியது.