'மீட் த பிரஸ்' பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிகளில் மிகப் பழையது, என்.பி.சி. நிறுவனத்தின் அரசியல் பேட்டி நிகழ்ச்சியான 'மீட் த பிரஸ்'. 1947 நவம்பர் 6 அன்று திரைக்கு வந்தது. இதழியல் படிப்பவர்கள் இதைப் பற்றி எழுதும்போது இன்றைய நிகழ்ச்சியை மனதில் வைத்துக்கொண்டு அன்றையதை வர்ணித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே நெறியாளர் விருந்தினரைக் குடைந்தெடுக்கும் நிகழ்ச்சியாக அது ஆரம்பிக்கவில்லை. பல பத்திரிகைகளின் நிருபர்கள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். நெறியாளர் அவர்களை ஒழுங்குபடுத்துவார், அவ்வளவுதான். அந்த முதல் நெறியாளர் ஒரு பெண், மார்த்தா ரவுண்ட்ரீ. பலர் லாரன்ஸ் ஸ்பிவாக் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது நியாயமே இல்லை. 1945-ல் வானொலியில் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கியதில் இருவருக்கும் பங்கு உண்டு. 1953-ல் ரவுண்ட்ரீ விலகியபின், இன்னொரு பெண் நிரந்தர நெறியாளராக வர 2023 வரை ஆனது.

மேலே சொன்ன 'வானொலி'யை மறந்தால் பெரிய தவறு நேரும். 1948 ஆகஸ்டில் முன்னாள் கம்யூனிஸ்டான பத்திரிகையாளர் விட்டேக்கர் சேம்பர்ஸ், முன்னாள் வெளியுறவுத் துறை அதிகாரி அல்ஜர் ஹிஸ் கம்யூனிஸ்டாக இருந்தவர் என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். குழுவின் முன் சொன்னதற்காக அவதூறு வழக்கு போட முடியாது. முடிந்தால் வெளியே வந்து சொல்லட்டும் என்று ஹிஸ் சவால் விட்டார். ஆகஸ்ட் 27 அன்று 'மீட் த பிரஸ்' வானொலி ஒலிபரப்பில் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் எட்வர்ட் ஃபோலியார்ட் நேராகவே கேட்டார். ஹிஸ் கம்யூனிஸ்டாக இருந்தார், இப்போதும் இருக்கலாம் என்றார் சேம்பர்ஸ். அடுத்த மாதமே ஹிஸ் வழக்குப் போட்டார். அந்த வழக்கை எதிர்கொள்ளத்தான் சேம்பர்ஸ் ஒளித்து வைத்திருந்த அரசு ஆவணங்களை, ஹிஸ் தந்தவை என்று சொல்லி வெளியே எடுத்தார். கடைசியில் 1950 ஜனவரியில் பொய்ச் சாட்சியத்துக்காகத் தண்டனை பெற்றவர், வழக்குப் போட்ட ஹிஸ்தான்! இவ்வளவையும் 'தொலைக்காட்சிப் பேட்டியின் விளைவு' என்று எழுதினால் அடிப்படையே பிசகிவிடும்.

இன்று ஞாயிறுதோறும் வருவதால், தொடக்க காலத்திலிருந்தே ஞாயிறு நிகழ்ச்சி என்று எழுதுவதும் சரியல்ல. முதல் ஒளிபரப்பு நடந்தது ஒரு வியாழக்கிழமை.

பழைய காட்சித் துண்டுகள் மங்கலாகத் தெரிவதால், அன்று மக்களும் அப்படித்தான் பார்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வீடியோ டேப் புழக்கத்துக்கு வந்தது 1956-ல்தான். அதற்கு முன் நேரலைப் படத்தைத் திரையிலிருந்து ஃபிலிம் கேமராவால் எடுத்து வைப்பார்கள். நம் கையில் இருப்பது அந்தப் படத்தின் படம்.

இன்னொரு தவறு, ஒரு கேள்வியை அதைக் கேட்டவரின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்வது. 1960 ஏப்ரல் 17 அன்று மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார். உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் நடத்திய உள்ளிருப்புப் போராட்டத்தைக் கண்டித்து முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமன் சொன்னதை ஸ்பிவாக் அவரிடம் எடுத்துப் போட்டார். அதை வைத்து ஸ்பிவாக்கை இனவெறியர் என்று எழுதுவது அவசரம். விருந்தினரின் நிலைப்பாட்டை நன்றாகப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் நின்று கேள் என்பதுதான் பின்னாளில் இதே நிகழ்ச்சியின் நெறியாளரான டிம் ரஸ்ஸர்ட்டுக்கும் அவர் சொன்ன யோசனை. அரை நிமிடத் துண்டைப் பார்த்து முடிவுகட்டாமல் முழு எழுத்து வடிவத்தையும் தேடிப் படியுங்கள். கிங்கின் அந்தப் பேட்டி அச்சிலேயே கிடைக்கிறது.