களிமண்ணில் ருபார்ப்

இங்கிலாந்தில் எனக்குக் கிடைத்த அலாட்மென்ட் (காய்கறி வளர்க்க வாடகைக்குத் தரும் சிறு நிலம்) முழுக்கக் களிமண். குளிர்காலத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கும். முன்பு இருந்தவர் விட்டுப்போன ருபார்ப் (புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் செடி) அடியோடு அழுகிக் கிடந்தது. அதனால் மண்ணை ஆழமாகக் கிளறி, மக்கிய சாணியெரு கலந்து, மேடு கட்டினேன். ‘டிம்பர்லி ஏர்லி’ என்ற ருபார்ப் வகையின் கிழங்குகளை 90 செ.மீ. இடைவெளியில், மொட்டு மண்ணுக்குச் சற்று மேலே தெரியும்படி நட்டேன். மொட்டின் மேல் எரு போட்டால் ஈரம் தங்கி அழுகிவிடும்; சுற்றிலும் மட்டும் போட்டேன். வசந்தத்தில் சிவப்புத் துளிர்கள் நன்றாகவே வந்தன.

முதல் வருடம் ஒரு தண்டுகூடப் பறிக்கவில்லை. கஷ்டம்தான், பக்கத்துப் பாத்திக்காரர் கூடை கூடையாக எடுத்துப் போகும்போது! பூத்தண்டு எட்டிப் பார்த்ததும் அடியோடு வெட்டினேன். அப்புறம், இலை விஷம். தண்டு மட்டும்தான் சமையலுக்கு. அதையும் வெட்டாமல் முறுக்கி இழுக்க வேண்டும்.